வழி சொல்லும் எழுத்து

(நூலக விழா ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘பயண எழுத்தின் இன்பம்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, “அப்படியே உங்களுக்குப் பிடித்த ஊர்களையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் லீவில் போய்வருவார்கள்” என்றும் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு வேறு, இந்த வேண்டுகோள் வேறு என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் வேண்டுகோளுக்குள்தான் தலைப்பே இருக்கிறது. போய்வந்தவரைப் பார்த்து, போகப்போகிறவர் கேட்கிறார்: எங்கே போகலாம், எப்படிப் போகலாம், அங்கே சாப்பாடு எப்படி, ஆட்கள் எப்படி? அதற்குச் சொல்லும் பதில் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் அழகும் பெற்றுவிட்டால் அதுதான் பயண இலக்கியம். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சாட்சிகள்.

முதல் சாட்சி பத்துப்பாட்டு. அதில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிகாட்டுகிறது. மற்ற நான்கும் கலைஞர்களை வள்ளல்களிடம் அனுப்பிவைப்பவை. இந்த வகைக்குத் தொல்காப்பியமே இலக்கணம் சொல்லியிருக்கிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பி வருகிறார்கள். எதிரே தங்களைப் போன்ற கலைஞர் கூட்டம் ஒன்று வறுமையோடு வருகிறது. அவர்களை நிறுத்தி, தாங்கள் பெற்றதைச் சொல்லி, நீங்களும் போய்ப் பெறுங்கள் என்று வழி சொல்லுகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உலக வழக்கம் என்ன? நல்ல இடம் ஒன்று தெரிந்துவிட்டால் மூச்சுவிடாமல் இருப்பது. ஆற்றுப்படைக் கலைஞன் தன் தொழில் போட்டியாளனுக்கே விலாசம் கொடுக்கிறான். தமிழில் பயண எழுத்து பிறந்தது இந்தத் தாராளத்தில். ‘நான் போனேன், நான் பார்த்தேன்’ என்பது அதற்குப் பாயிரம் மட்டும். ‘நீ போ, நீயும் பார்’ என்பதுதான் நூல்.

என்னவெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள் பாருங்கள். சிறுபாணாற்றுப்படை நத்தத்தனார் பாடியது, 269 அடி. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியைச் சொல்கிறது. வழி சொல்லும் பாணனின் வீடு, அவன் பரிசு பெறுவதற்கு முன் எப்படி இருந்தது என்று முதலில் காட்டிவிடுகிறார் புலவர். அடுக்களையில் குட்டி போட்ட நாய் கிடக்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த குப்பைக்கீரையை, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறார்கள். ஏன் பயணம் போக வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எந்தப் பயண நூலிலும் நான் படித்ததில்லை.

பிறகு வழி தொடங்குகிறது. கடற்கரையில் எயிற்பட்டினம், இன்றைய மரக்காணம் என்பார்கள். அங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும். அடுத்து வேலூர், அங்கே எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். அதற்கடுத்து ஆமூர், உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். பிறகு நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில். அது திண்டிவனத்தோடு சேர்ந்த கிடங்கலாக இன்றும் இருக்கிறது. நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாற மாறத் தட்டில் விழுவதும் மாறுகிறது. ஊரின் மண்ணை அதன் சோற்றில் காட்டுவது பயண எழுத்தாளனின் பாலபாடம். அதை அவர் அப்போதே முடித்துவிட்டார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்குப் போகும் பாதை. அதில் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. கழுதை முதுகில் மிளகு மூட்டை போகிறது. சுங்கம் வாங்கும் காவலர்கள் நிற்கிறார்கள். கடற்கரையில் ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவு விளக்கு எரிந்து கப்பல்களுக்கு வழி காட்டுகிறது. அந்தணர் வீட்டில் என்ன கிடைக்கும் என்றும் சொல்கிறார்: மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், கூடவே மாவடு. சாலை, சரக்கு, வரி, வெளிச்சம், சாப்பாடு. ஒரு வட்டாரத்தின் பொருளாதாரமே நடந்துபோகிறவன் கண்ணில் விழுந்துவிடுகிறது.

இந்த ஐந்தில் என் மனம் கவர்ந்தது மலைபடுகடாம். 583 அடி; பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் கூத்தரை அனுப்பும் பாட்டு. செங்கண்மா இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். மலைவழி என்பதால் எச்சரிக்கைகள் நிறைய. தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்த பிறகு நடங்கள். யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். பாசி படிந்த பாறை வழுக்கும், கொடிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாம்பு இருக்கும் குழிகளைப் பார்த்துப் போங்கள். இடையில் ஓர் அறிவுரை வருகிறது. பாதை பிரியும் இடத்தில், எது சரியான வழி என்று தெரிந்தபின், அந்தச் சந்தியைத் துப்புரவாக்கி, பின்னால் வருகிறவர்கள் அறிந்துகொள்ளப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறது பாட்டு.

பயணம் போகிறவன் அடைய வேண்டிய இடம் நன்னனின் அரண்மனை. அவனுக்குப் பசி, குழந்தைகளும் கூட வருகிறார்கள். அந்த அவசரத்திலும் முகம் தெரியாத யாருக்காகவோ குனிந்து புல்லை முடிய வேண்டும். பயணக் கட்டுரை எழுதுகிறவன் செய்வது அந்த வேலைதான்.

அந்தப் பாட்டில் இன்னோர் அதிசயம், மலையின் ஓசைகள். அருவி விழும் ஓசை, தேனெடுக்கும் குறவர் ஓசை, யானை பழக்கும் பாகர் ஓசை, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, கரும்பாலை ஓசை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மலையைக் கேட்கச் சொல்கிறார். கையில் கேமரா வந்தபின் பயண எழுத்தில் நாம் முதலில் தொலைத்தது இந்தக் காதுகளைத்தான்.

இரண்டாவது சாட்சி, 1889 என்னும் ஆண்டு. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த ஆண்டு அது. அதே 1889இல் கோயம்புத்தூர் சே.ப. நரசிம்மலு நாயுடு, வடஇந்தியா சென்று வந்ததைப் பற்றி ‘ஆரிய திவ்விய தேச யாத்திரைச் சரித்திரம்’ என்னும் நூலை வெளியிட்டார். தமிழ் உரைநடைப் பயண நூல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தொடங்குவது அந்த நூலிலிருந்துதான். பழைய வழிகாட்டியும் புதிய வழிகாட்டியும் ஒரே ஆண்டில் அச்சேறியிருக்கின்றன. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்ததல்ல. ஆனாலும் அந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாயுடுவுக்கு முன்னோடி ஒருவரும் நம் சென்னையிலேயே இருந்தார். ஏனுகுல வீராசாமி. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். வழியிலிருந்தே நண்பருக்கு எழுதிய கடிதங்கள் 1838இல் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்று தெலுங்கில் நூலாயின. எந்த ஊரில் கடை உண்டு, எங்கே தண்ணீர் நல்லது, எங்கே தங்க இடம், பாதை எப்படி என்று வரிசையாக எழுதிக்கொண்டே போயிருக்கிறார். புண்ணியம் தேடிப் போனவர் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறார் என்று யாராவது சிரிக்கலாம். அடுத்து அந்த வழியில் போகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவருக்கும் நாயுடுவுக்கும் நடுவில் ரயில் வந்துவிட்டது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மாதக்கணக்கில் போன வழி நாள்கணக்குக்குச் சுருங்கியது. காடு, களவு பற்றிய பயம் குறைந்து, ஸ்டேஷன், சத்திரம் பற்றிய செய்தி பெருகியது. எதில் ஏறிப் போகிறோம் என்பது எதை எழுதுகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் முதலில் கை எடுத்துக் கும்பிட வேண்டியவர் ஏ.கே. செட்டியார். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைக் கண்டம் கண்டமாகத் தேடித் திரட்டி, 1940இல் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ அவருடைய நூல். அந்தப் பெயர் அவருக்கே பட்டமாகிவிட்டது. அவர் எழுத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள். தன்னைப் பற்றிய பேச்சு அநேகமாக இருக்காது. மெல்லிய கிண்டல் மட்டும் ஓரமாக ஓடும். இத்தனை தேசம் போனவர், இத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்தவர், ‘நான்’ என்பதை இவ்வளவு சிக்கனமாகச் செலவழித்திருக்கிறாரே என்று படிக்கும்போதெல்லாம் வியப்பேன்.

அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது என்பேன். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிப் பலர் பல காலங்களில் எழுதிவைத்த பயணக் கட்டுரைகளைப் பழைய இதழ்களிலிருந்து தேடி எடுத்து, ‘தமிழ்நாடு’ என்ற தொகுப்பாக 1968இல் கொண்டுவந்தார். உலகம் சுற்றியவர் ஊருக்குத் திரும்பி வந்து, மற்றவர்கள் முடிந்துவைத்த புல்லையெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோமலெ வெளிநாடுகளைப் பற்றியும் எழுதினார், நம் மாவட்டங்களைப் பற்றித் தனித்தனி நூல்களும் எழுதினார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கோயில் கோயிலாக நம்மை அழைத்துப் போனார். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியோடு பயணம் செய்து ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். ஜானகிராமனின் ஜப்பான் பயணம் ‘உதய சூரியன்’ ஆயிற்று. பிலோ இருதயநாத் மலைவாழ் மக்களைத் தேடிப் போனார். மணியனின் ‘இதயம் பேசுகிறது’ தொடருக்காக வார இதழைக் காத்திருந்து வாங்கிய குடும்பங்கள் உண்டு. நம் காலத்தில் எஸ். ராமகிருஷ்ணனின் ‘தேசாந்திரி’ எத்தனையோ இளைஞர்களைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வைத்திருக்கிறது. இந்த நூலகத்தின் அலமாரியில் இவர்களில் பாதிப் பேராவது இருப்பார்கள். தூசி தட்டிப் பாருங்கள்.

சரி, எழுதுகிறவனுக்கு இதில் என்ன இன்பம்? எழுதப்போகிறோம் என்ற நினைப்போடு ஓர் ஊருக்குப் போனால் நம்முடைய கூச்சம் போய்விடுகிறது. சும்மா போகிறவன் கோயிலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவான். எழுதப்போகிறவன் பூக்கடைக்காரம்மாவிடம் இந்தப் பூ எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று கேட்பான். கண்டக்டரிடம் இந்த நிறுத்தத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பான். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் முன்பு ஆறு எதுவரை ஓடியது என்று கேட்பான். நம் ஜனங்கள் இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வதில்லை. “உட்காருங்க தம்பி, சொல்றேன்” என்பார்கள். அவர்களுக்கு மறந்துபோயிருந்ததும் நினைவுக்கு வரும். எனக்குத் தெரிந்த ஊர் வரலாற்றில் பாதி இப்படி வாய்வழியாக வாங்கியதுதான். அச்சில் போடுமுன் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது இன்பம், முன்னால் போனவர்களோடு சேர்ந்து நடப்பது. இதை விளக்க, எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்வதுதான் வழி. கேட்டவர்களுக்கும் கடன் தீரும்.

என் முதல் விருப்பம் பொருநைக் கரை. தாமிரபரணி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் பக்கத்தில் கடலில் கலக்கிறது. ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான் நீளம். தமிழ்நாட்டு மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக் கடலிலேயே முடியும் ஆறு. மூன்று நாள் லீவு இருந்தால் மலையிலிருந்து கடல்வரை பஸ்ஸிலேயே போய்விடலாம்.

பாபநாசத்தில் தொடங்குங்கள். அகத்தியர் அருவியில் குளித்துவிட்டு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாக இறங்குங்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து நெய்யும் பாய். மடித்தால் துணி மாதிரி மடங்கும் பாய் உண்டு. அதை நெய்கிறவர்கள் கோரையை எப்படி ஊறவைக்கிறார்கள், எப்படிக் கிழிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆறு என்றால் தண்ணீர் மட்டும் அல்ல, அது கொடுக்கும் தொழிலும்தான் என்று அங்கே தெரியும். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களையும், அல்வாவையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கிருந்து கிருஷ்ணாபுரம். வேங்கடாசலபதி கோயில் சிற்பங்களின் முன் நிற்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அதற்குப் பிறகு ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டிப் பார்த்து, கிடைத்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்தார். பரம்பு முழுக்க முதுமக்கள் தாழிகள். இரும்பும் வெண்கலமும், பொன்னாலான நெற்றிப்பட்டமும் அங்கே கிடைத்தன. அடுத்து ஸ்ரீவைகுண்டம். அதற்கடுத்து நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி. கோயிலுக்குள்ளேயே, அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம்.

இனிதான் நான் சொல்ல வந்த இடம் வருகிறது. கொற்கைக்குப் போங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம். போய் நின்றால் வயல், வாழை, ஒரு குளம், ஓர் அம்மன் கோயில், வயதான ஒரு வன்னி மரம். கடல் எங்கே என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ‘துறைமுகம் பார்க்கப் போனோம், வாழைத்தோட்டம் பார்த்தோம்’ என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. கையில் பழைய பயணிகளின் குறிப்பு இருந்தால் கதையே வேறு.

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் எழுதிய ‘பெரிப்ளஸ்’, கொற்கையில் முத்துக்குளிப்பு நடக்கிறது, தண்டனை பெற்ற கைதிகள்தான் மூழ்குகிறார்கள் என்று சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியல் நூல் எழுதிய தாலமியும் கொற்கையைக் குறிக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ வரும்போது பெரிய துறைமுகம் கொற்கை அல்ல, காயல். ஓர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் அங்கே நிற்பதாக எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலத்துக் கடிதங்களைப் புரட்டினால் காயலின் பெயர் பின்னால் போய், புன்னைக்காயல் முன்னால் வருகிறது. பிரான்சிஸ் சவேரியார் நடந்த கரை அது. தமிழை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர். அதற்கும் பிறகு தூத்துக்குடி.

துறைமுகம் ஏன் இப்படி நகர்ந்துகொண்டே போயிற்று? பொருநை கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். கொற்கையின் முகம் தூர்ந்தது, காயல் எழுந்தது. காயலின் முகமும் தூர்ந்தது. வணிகம் இன்னும் கடலோரமாகப் போயிற்று. இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்தவர், கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவர், 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதியவர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து புன்னைக்காயலுக்கும் போய்ப் பாருங்கள். பதினைந்து நூற்றாண்டை ஒரே பிற்பகலில் கடந்துவிடுவீர்கள். ஆறு நிலத்தைச் செய்ததும், நிலம் வணிகத்தைத் தள்ளியதும் காலுக்குக் கீழேயே தெரியும்.

இந்தப் பயணிகள் யாரும் வருங்காலத்துக்கு ஆதாரம் சேர்க்க எழுதியவர்கள் அல்ல. யார் மூழ்குகிறார்கள், என்ன சரக்கு வருகிறது, கப்பல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கண்டதையும் கேட்டதையும் எழுதினார்கள். ‘கொற்கை கண்கொள்ளாக் காட்சி’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இன்று நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. வர்ணனை எழுதியவனோடு போய்விடும். விவரம்தான் அடுத்தவன் கைக்கு வந்து சேரும்.

மற்ற இரண்டு இடங்களை விரைவாகச் சொல்கிறேன். ஒன்று, தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும் அங்கேதான். அவரும் அவருடன் இருந்தவர்களும் தமிழ்நாட்டைப் பற்றி ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு ஓயாமல் எழுதினார்கள். அதோடு நிற்காமல் நம்மவர்களிடம் கேள்விகளை அனுப்பி, அவர்கள் தமிழில் எழுதிய பதில்களையும் 1712 முதல் 1714 வரை வாங்கி மொழிபெயர்த்து அனுப்பினார்கள். வந்தவன் எழுதினால் போதாது, இருக்கிறவனும் எழுத வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சிறிய கடற்கரை ஊர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

மற்றொன்று, நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம். இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் உதகை வரைக்கும் வந்தது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவசரக்காரர்களுக்கு அந்த ரயில் ஆகாது. பாக்குத்தோப்பிலிருந்து தேயிலைத் தோட்டம்வரை ஒவ்வொரு மரமும் மாறுவதைப் பார்க்க முடியும் என்பதால் எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை.

உதகையைச் சொன்னதும் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. நல்ல இடத்தைப் பற்றி எழுதினால் கூட்டம் வருகிறது. கூட்டம் வந்தால் அந்த இடம் கெடுகிறது. அப்படியானால் எழுதாமல் இருப்பதுதான் நல்லதோ? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்ற நிலை வந்தது. மலை தாங்கும் அளவு ஒன்று இருக்கிறது என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. பத்து நொடி ரீல்ஸில் ஓர் அருவியைக் காட்டி, இடத்தையும் குறித்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நூறு பைக் நிற்கிறது.

இதற்கும் மலைபடுகடாத்திலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். அது கூத்தரை மலைக்கு அனுப்புகிறது. ஆனால் வெறும் விலாசம் கொடுத்து அனுப்பவில்லை. மலை எப்படிப்பட்டது, அங்கே இருப்பவர்கள் யார், அவர்கள் எதற்காகப் பொறி வைக்கிறார்கள், எதற்காகக் கல் வீசுகிறார்கள் என்று சொல்கிறது. அவர்கள் வீட்டுக்குள் உங்கள் வீடு போலவே போங்கள், உறவினரைப் போல உபசரிப்பார்கள் என்கிறது. உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவன் அங்கே பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு வரமாட்டான். ரீல்ஸ் இடத்தை மட்டும் சொல்கிறது. பயண எழுத்து அந்த இடத்தில் இருக்க வேண்டிய முறையையும் சொல்ல வேண்டும். அதையும் சொல்ல முடியாத சின்ன அருவி, சின்னக் காடு என்றால் பெயரைச் சொல்லாமல் விடலாம். வழிகாட்டிக்கு அந்த உரிமையும் உண்டு.

இனி மாணவர்களுக்கு. உங்களிடம் பணம் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, பயண எழுத்து நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். செங்கத்துக்குப் போன கூத்தனிடம் என்ன இருந்தது? உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை போய்வாருங்கள். குறிப்பாக மாணவியருக்குச் சொல்கிறேன். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பெண்கள் தனியாகப் போய்வரும் காட்சி இன்று எல்லா வழித்தடத்திலும் உண்டு. தொல்காப்பியர் விறலியையும் வழிப்போக்கர் பட்டியலில் வைத்தார். ஆனால் நம் பயண நூல் அலமாரியில் பெண் பெயர்கள் இன்னும் குறைவு. அந்தக் குறை தீர இந்த பஸ்ஸைவிட நல்ல தொடக்கம் எது?

போகும்போது சிறிய நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கே எழுதுங்கள். இபின் பதூதா மதுரை சுல்தான்களின் காலத்தில் இங்கே வந்தவர். திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் கைப்பொருள் எல்லாவற்றையும் பறிகொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து மொராக்கோவில் உட்கார்ந்து, நினைவிலிருந்து சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். அவருக்கு அந்த நினைவாற்றல் இருந்தது. நமக்கு நேற்று மதியம் சாப்பிட்டதே மறந்துவிடுகிறது. ஆகவே தேதி போடுங்கள். பஸ் கட்டணம், டீ விலை, ஆற்றில் தண்ணீர் ஓடியதா இல்லையா, வயலில் என்ன பயிர், சந்தை என்றைக்கு, கடைக்காரர் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறியவர் என்றெல்லாம் எழுதுங்கள். ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று எழுதக் கை போனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த மரம், என்ன பூ என்று யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

கடைசியாக நூலகர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த நூலகத்தில் ஓர் அடுக்கைக் காலி செய்து கொடுங்கள். இந்த வட்டாரத்து ஊர்களைப் பற்றி இங்கே படிக்கும் பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுதிய நோட்டுகளை அங்கே வையுங்கள். அச்சடிக்க வேண்டாம், பரிசு கொடுக்க வேண்டாம். பெயர் ஒட்டி, தேதி போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி வைத்தால் போதும். பத்து ஆண்டில் அந்த அடுக்கு நிறைந்தால் இந்த வட்டாரத்தின் ஆற்றுப்படை அங்கே இருக்கும். முதல் நோட்டு வந்ததும் எனக்குத் தகவல் சொல்லுங்கள். வந்து படித்துவிட்டு, அதில் சொன்ன வழியிலேயே அந்த ஊருக்குப் போய்வருகிறேன்.